மூலைவிட்டம் போதாது: பெரிய திரை போன் செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய திரை ஸ்மார்ட்போன்களை வடிவமைக்கிறவர்களுக்கும், அவற்றின் பெட்டியில் எதை அச்சடிப்பது என்று முடிவு செய்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

எட்டு வருடமாக வைத்திருந்த போனை மாற்ற வேண்டியதாகிவிட்டது. போன் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஒரு தடவை பேட்டரி மாற்றியிருக்கிறேன், ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பாதுகாப்பு அப்டேட் வருவது எப்போதோ நின்றுவிட்டது. போன மாதம் வங்கிச் செயலியும் இந்தப் போனில் இனிமேல் ஓடமாட்டேன் என்று கையை விரித்தது. சரி, மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் தேடியது ஒன்றைத்தான்: பெரிய திரை. வெள்ளெழுத்து வந்துவிட்டது, கண்ணாடியோ தேடும்போது ஒருநாளும் கிடைப்பதில்லை.

பழைய போனின் திரை 5.5 இன்ச். நான்கைந்து நாள் அலசியதில் கடைசியாக இரண்டு போன்கள் மிஞ்சின. ஒன்று 6.5 இன்ச், மற்றது 6.8 இன்ச். எதை எடுத்தாலும் குறைந்தது ஒரு முழு இன்ச் கூடுகிறதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன். அப்புறம் ஒரு காகிதமும் கால்குலேட்டரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

நீங்கள் பெட்டியில் போடும் இன்ச் மூலைவிட்டத்தின் அளவு. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரைக்கும் நாடாவைப் பிடித்து எடுப்பது. தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அதே பழக்கம்தான். எல்லாத் திரைகளும் ஒரே வடிவத்தில் இருந்தவரை அதில் தப்பு ஒன்றுமில்லை. நீளப் பக்கத்துக்கும் குறுகிய பக்கத்துக்கும் 16:9 என்ற விகிதம்தான் பல வருடம் ஓடியது. 2017 வாக்கில் அது 18:9 ஆயிற்று, இப்போது 20:9 வரைக்கும் வந்திருக்கிறது. திரை உயர்ந்துகொண்டே போக, அகலம் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றம் போதும் இதைக் கண்டுபிடிக்க. 16:9 விகிதத்தில் இருக்கிற என் பழைய 5.5 இன்ச் திரையின் அகலம் 68.5 மில்லிமீட்டர். 20:9 விகிதத்தில் இருக்கிற 6.5 இன்ச் திரையின் அகலம் 68 மில்லிமீட்டர்கூட இல்லை.

திரும்பவும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதேதான் வந்தது. பெரிய போன் என்று நான் வாங்கப் போனது, பழையதைவிட ஒல்லியான திரை.

வீடியோ கதை இன்னும் வேடிக்கை. 16:9 வீடியோவைப் படுக்கவைத்துப் பார்த்தால் பழைய போனில் திரை முழுக்க நிறையும்: 121.8 மில்லிமீட்டர் நீளம். புதிய 6.5 இன்ச் போனில் வீடியோவின் உயரம் திரையின் குறுகிய பக்கத்தோடு நின்றுவிடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, நடுவில் 120 மில்லிமீட்டர் சொச்சத்துக்குப் படம். ஒரு இன்ச் கூடக் கொடுத்து, படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கித் தந்திருக்கிறீர்கள். 6.8 இன்ச் போனில் படம் 126 மில்லிமீட்டர். அதாவது அரை சென்டிமீட்டர்கூடக் கூடவில்லை. போதாக்குறைக்கு மூலைகளை வேறு உருட்டிவிட்டு, மூலைகள் கூராக இருப்பதாக வைத்துத்தான் அளந்தோம் என்று பொடி எழுத்தில் போட்டுவிடுகிறீர்கள்.

சாம்சங் 2011இல் கேலக்ஸி நோட் என்ற போனைக் கொண்டுவந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 5.3 இன்ச். இதைக் காதில் வைத்துப் பேசினால் முகமே மறைந்துவிடுமே என்று ஊரெல்லாம் சிரித்தது. அதன் திரை விகிதம் 16:10. கணக்குப் போட்டால் அகலம் 71 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. இன்றைக்கு நான் எடுத்துப் பார்க்கிற 6.8 இன்ச் போனின் திரை அதைவிட நூலளவு குறுகல். எடையோ, நோட் 178 கிராம். இது 215க்கு மேல்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உயரமான திரையால் பயன் இல்லாமல் இல்லை. மேலிருந்து கீழே ஓட்டிப் படிக்கிற எதற்கும் அது நல்லது. விசைப்பலகை பாதித் திரையை அடைத்துக்கொண்ட பிறகும் எழுதியதைப் பார்க்க இடம் இருக்கும். ஏ4 அளவு பிடிஎஃப்பைத் திறந்தால் நிமிர்ந்த நிலையில் 12 புள்ளி (பாயிண்ட்) எழுத்து சுமார் 4 புள்ளிக்குச் சுருங்கிவிடும், எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அதே போனைப் படுக்கவைத்தால் எட்டு புள்ளிக்கு மேல் கிடைக்கும், ஒருமாதிரி படித்துவிடலாம். இதெல்லாம் சரி. ஆனால் அதை அகலம் என்று நம்பவைத்து விற்காதீர்கள்.

தமிழில் படிக்கிறவர்களுக்கு இந்த அகலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. எங்கள் சொற்கள் நீளமானவை. ‘கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்’ என்பது ஒரே சொல். எழுத்தைப் பெரிதாக்கினால் அந்த ஒரு சொல்லே ஒரு வரியை விழுங்கிவிடும், சில செயலிகளில் பாதியில் முறிந்து அடுத்த வரியில் விழும். பொத்தான்களின் கதி இன்னும் மோசம். ‘உறுதிப்படுத்து’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘உறுதிப்…’ என்று மூன்று புள்ளி. எதை உறுதிப்படுத்துகிறேன் என்று தெரியாமலே அழுத்த வேண்டியிருக்கிறது. வரிக்கு வரி இடைவெளி போதாமல் ‘கீ’யின் தலைச்சுழி வெட்டுப்பட்டுப் போவதும் உண்டு, அப்போது ‘கீ’ எது, ‘கி’ எது என்று குத்துமதிப்பாகத்தான் படிக்க முடியும். 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14இல் எழுத்தை 200 சதவீதம் வரைக்கும் பெரிதாக்கலாம். நல்ல காரியம். அப்படிப் பெரிதாக்கிவிட்டு ஒரு தடவை தமிழில் உங்கள் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆங்கிலத்தில் அழகாக உட்கார்ந்ததெல்லாம் தமிழில் முட்டி மோதிக்கொண்டு நிற்கும்.

திரை பெரிதானால் எழுத்தும் பெரிதாகும் என்றுதான் பலர் இன்னும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். எழுத்தின் அளவு அமைப்புகளில் இருக்கிறது, மூலைவிட்டத்தில் இல்லை. இதைப் பெட்டியைப் பிரித்ததும் வருகிற முதல் திரையிலேயே கேட்டால் என்ன? ‘இந்த வரி உங்களுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரிகிறதா?’ என்று ஒரு கேள்வி. கைரேகை, முகம், கணக்கு என்று பத்து விஷயம் கேட்கிறீர்கள், கூட ஒன்று கேட்கலாம்.

அடுத்தது எடை. கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்பதைப் பெட்டியின் நெற்றியில் போடுகிறீர்கள். எத்தனை கிராம் என்பதை விவரப்பட்டியலின் அடியில், வண்ணங்களுக்குப் பக்கத்தில் தேட வேண்டியிருக்கிறது. போனை ஒரு கையில் பிடிக்கும்போது கீழே முட்டுக்கொடுப்பது சுண்டுவிரல். பெருவிரல் மேலே எட்டும்போதெல்லாம் முழுப் பாரமும் அதன் தலையில் விழுகிறது. இரவில் மல்லாக்கப் படுத்துப் படிப்பவர்களிடம் கேளுங்கள், 200 கிராம் மூக்கின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்வார்கள்.

வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. காட்சிக்கு வைத்திருக்கிற போனைக் கையில் எடுத்தால் பின்னால் கம்பி கட்டியிருக்கிறது, இரண்டு நிமிடத்துக்கு எந்தப் போனும் சுகமாகத்தான் இருக்கும். அதனால் நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். நீங்கள் கொடுத்த நீள அகலத்துக்கு இரண்டு அட்டைகள் வெட்டினேன். ஒவ்வொன்றையும் ஒரு நாள் சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு திரிந்தேன். உட்காரும்போது எது தொடையில் குத்துகிறது, குனியும்போது எது நழுவுகிறது என்று தெரிந்துவிட்டது. எடைக்கு இன்னொரு வழி. என் பழைய போன் 170 கிராம். ஆல்கலைன் ஏஏ பேட்டரி ஒன்று சுமார் 23 கிராம் இருக்கும். சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்று, இழுப்பறையில் கிடந்த இன்னொன்று என்று இரண்டை போனின் முதுகில் டேப் போட்டு ஒட்டினேன். 216 கிராம், ஏறக்குறைய அந்த 6.8 இன்ச் போனின் எடை. அப்படியே இரண்டு நாள் உபயோகித்தேன். முதல் நாள் ராத்திரி மணிக்கட்டு கனத்தது. இரண்டாம் நாள் பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், மறந்துவிட்டது.

இப்படி அட்டையும் டேப்பும் வைத்துக்கொண்டு நான் செய்ததை நீங்கள் ஒரு தாளில் செய்துவிடலாம். போனின் உண்மையான அளவுக்கு ஒரு கோட்டுப்படம், அதற்குள் திரையின் அகலம் மில்லிமீட்டரில், கிராம் கணக்கு அதே பருமனான எழுத்தில். அச்சடித்துக் கொடுங்கள், வெட்டிப் பையில் போட்டுப் பார்த்துக்கொள்கிறோம். உடம்பின் அகலத்தை ஏற்கெனவே கொடுக்கிறீர்கள் என்பது தெரியும். திரையின் அகலம் எங்கே? கண் பார்ப்பது அதைத்தானே.

அப்டேட் பற்றி ஒரு வார்த்தை, என் பழைய போன் செத்ததே அதனால்தான். கூகுள் 2023இல் தன் பிக்சல் 8 போனுக்கு ஏழு வருடம் அப்டேட் என்று அறிவித்தது, அடுத்த சில மாதங்களிலேயே சாம்சங் கேலக்ஸி எஸ்24க்கு அதையே சொன்னது. சந்தோஷம். ஆனால் அந்த ஏழு வருடம் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. இரண்டு வருடம் கழித்து வாங்குகிறவருக்கு மிச்சம் ஐந்துதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூனிலிருந்து அமலில் இருக்கிற விதி, விற்பனை நின்ற நாளிலிருந்து ஐந்து வருடம் என்று எண்ணச் சொல்கிறது. அதுதான் வாங்குகிறவர் பக்கமிருந்து எண்ணுவது. வருடக் கணக்கே வேண்டாம், மருந்துப் பெட்டியில் இருக்கிற மாதிரி கடைசித் தேதியை அடித்துவிடுங்கள்.

சின்ன போன் கேட்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்னதைச் செய்து பார்த்தோம், யாரும் வாங்கவில்லை என்று சொல்வீர்கள். எனக்கு வேண்டியது பெரியதுதான். எந்தப் பக்கம் பெரியது என்று சொல்லிவிட்டு விற்றால் போதும்.

கடைசியில் 6.8 இன்ச் போனையே எடுத்தேன். பழையதைவிட அகலம் இரண்டரை மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை, எடை 45 கிராமுக்கு மேல் கூடியிருக்கிறது. ஆனால் நான் வழக்கமாக வைக்கிற எழுத்து அளவில் ‘கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்’ முறியாமல் ஒரே வரியில் நிற்கிறது. பேட்டரியைக் கடிகாரத்தில் திரும்பப் போட்டுவிட்டேன். இரண்டு நாளாக அது பத்தே கால் காட்டிக்கொண்டிருந்தது.

இப்படிக்கு,
இரண்டரை மில்லிமீட்டருக்காக 45 கிராம் சுமக்கும் ஒருவன்