போத்தலில் இருப்பது கசிப்பு இல்லை, அம்மா

பிராட்போர்ட்,
03.11.2024, ஞாயிறு.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கு நல்ல சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் மாமாங்கேஸ்வரரை வேண்டுகிறேன்.

நீங்கள் எழுதி, மருமகள் படம் பிடித்து அனுப்பிய கடிதம் கிடைத்து மூன்று கிழமை ஆகிவிட்டது. ரெலிபோனில் கதைத்தால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, நான் கத்தினால் பக்கத்து வளவுக்கெல்லாம் கேட்கிறது, இனிக் கடிதம்தான் என்று சொன்னவன் நான். பதில் போடாமல் இருந்தவனும் நான்தான். இரண்டு தரம் எழுதத் தொடங்கிக் கிழித்தேன். கோபிக்க வேண்டாம்.

மருமகள், நீதான் இதை உரத்து வாசிக்கிறாய் என்று தெரியும். கல்லடி மாமி விறாந்தையில் இருந்தால் அடுத்த பந்தியைத் தாண்டிப் போ. அவர் எழும்பிப் போனதும் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

மாமியின் மகன் லண்டனில் இருந்து வந்து என்னோடு ஒரு இரவு நின்றது உண்மை. அறைக்குள் பெரிய கண்ணாடிச் சாடிகளைப் பார்த்ததும் உண்மை. ஆனால் நான் ஏதோ கள்ளச் சாராயம் வடிக்கிறவன் மாதிரி அவன் போய் "மச்சான் கசிப்புக் காய்ச்சிறான்" என்று தாய்க்குச் சொல்ல, மாமி அதைப் பேத்தாழை வரைக்கும் சுமந்து வந்து உங்களிடம் இறக்கிவைக்க வேண்டுமா? "சின்ன மாமாட புத்தி உனக்கும் வந்திட்டோ மனே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்த்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. சின்ன மாமாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் நானும் ஒருவன். எனக்கு அது மறக்குமா?

அது வைன், அம்மா. வேலியோரம் பழுத்த காட்டுப் பழத்தில் போட்டது. உங்களுக்கு மறைத்துச் சொல்லத் தேவையில்லை, முதல் பாதி கசிப்புக்குப் புளிக்கவைக்கிற கோடா மாதிரித்தான். சீனி, தண்ணீர், ஈஸ்ட், புளிப்பு. கசிப்புக்காரன் அந்தக் கோடாவை நெருப்பில் ஏற்றி, ஆவியைக் குழாயால் இழுத்து எடுக்கிறான். நாங்கள் நெருப்புப் பக்கமே போவதில்லை. இனிப்பை ஈஸ்ட் தின்று முடிந்ததும் அது தானாக ஓய்ந்துவிடும். இந்த நாட்டில் வீட்டில் குடிக்க வைன் போட அனுமதிப் பத்திரம் ஒன்றும் வேண்டாம். விற்கத்தான் கூடாது. வடித்தெடுத்தால் இங்கேயும் பொலிஸ் வரும்.

அதோடு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். அப்பாவோடு காகித ஆலையில் மெக்கானிக்காக இருந்த பறங்கி அங்கிளின் வீட்டுக்கு நத்தாருக்குப் போனால், அந்த ஆன்ரி முந்திரிகை வற்றலில் போட்ட வைனைக் குட்டிக் கிளாசில் தருவா. நீங்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி, மறுகா ஒரு வாய் குடித்தீர்கள். "நல்ல பாணி மாதிரி இருக்கு" என்றும் சொன்னீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்கு இதைப் பழக்கியது பக்கத்து வீட்டுக் கிழவர். அவரைப் பற்றி முந்தி எழுதினேனே, வேலியால் எட்டிப் பார்த்து, நான் கொடியில் காயப்போட்ட சாரத்தை "இது என்ன பாவாடை?" என்று கேட்டவர். இங்கிருந்து நடக்கிற தூரத்தில் சோல்ட்டேர் என்று ஓர் இடம். டைட்டஸ் சோல்ட் என்ற முதலாளி 1853இல் கம்பளி ஆலை திறந்து, தொழிலாளிகளுக்கு ஊரே கட்டிக் கொடுத்தார். கிழவர் அந்த ஆலையில்தான் வேலை. 1986இல் அதை மூடிவிட்டார்கள். ஆலை மூடிய கதையை அவர் சொல்லும்போது எனக்கு வாழைச்சேனைக் காகித ஆலை ஞாபகம் வந்தது. அப்பாவும் இப்படித்தான், சங்கு ஊதாத காலையிலும் அந்த நேரத்துக்கே எழும்பிக் கிணற்றடிக்குப் போய் நிற்பார்.

ஆலைக்குப் பக்கத்தால் லீட்ஸில் இருந்து லிவர்பூல் வரை 127 மைல் ஓடுகிற கால்வாய் போகிறது. அதன் கரை முழுக்க பிளாக்பெரிப் பற்றை. முள் நம்முடைய இலந்தை மாதிரி, கையை விட்டால் விடாது. பழம் சிவந்து, கறுத்து, ஆவணி கடைசியில் பழுக்கும். தின்றால் நாக்கு நாவல் பழம் தின்றது மாதிரி ஊதாவாகும், ஆனால் அந்தத் துவர்ப்பு இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத பழம், காசில்லை. நானும் கிழவரும் இரண்டு வாளியோடு போவோம். அவருக்குச் சட்டங்கள் உண்டு. நாய் கால் தூக்குகிற உயரத்துக்கு மேலேதான் பறிக்க வேண்டும். ஓரிடத்தில் முழுவதையும் பறிக்கக் கூடாது, குருவிக்கும் விட வேண்டும். செப்ரெம்பர் 29க்குப் பிறகு தொடவே கூடாது, அன்றைக்குப் பிசாசு வந்து பழத்தில் துப்பிவிடுமாம்! நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உண்மையில் அதற்குப் பிறகு மழையிலும் குளிரிலும் பழம் தண்ணீர்ப் பிடித்துப் பூஞ்சணம் வந்துவிடும். அதைப் பிசாசின் தலையில் போட்டுவிட்டார்கள். நீங்கள் உச்சி வெயிலில் புளிய மரத்தடிக்குப் போக விடாத மாதிரி.

போடுகிற விதம் இதுதான். இரண்டு கிலோ பழத்தைக் கழுவி வாளியில் பிசைந்து, சுடுதண்ணீர் ஊற்றி, 1.2 கிலோ சீனி கரைத்து, ஆறினதும் ஒரு கம்டன் குளிசையைப் பொடியாக்கிப் போட வேண்டும். அது காட்டுக் கிருமிகளை அடக்கும். ஒரு நாள் கழித்துத்தான் ஈஸ்ட். உடனே போட்டால் அந்தக் குளிசை ஈஸ்டையும் கொன்றுவிடும். ஐந்து நாள் மூடி வைத்து, தினமும் கிண்டி, துணியில் வடித்து, 4.5 லீற்றர் கொள்ளும் சாடிக்கு மாற்ற வேண்டும். சாடி வாயில் தண்ணீர் ஊற்றிய வளைந்த குழாய் ஒன்று. உள்ளே வரும் வாயு குமிழியாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. மறுகா மண்டி அடியில் படியப் படிய, மேலே தெளிந்ததை ரியூப்பால் இழுத்து வேறு சாடிக்கு மாற்றுவது. ஒரு வருசம் பொறுத்தால்தான் வாயில் வைக்கலாம். மிதக்கிற கண்ணாடிக் குழல் ஒன்றால் கிழவர் அடர்த்தியை அளந்து பார்ப்பார். தொடங்கும்போது 1.085, முடியும்போது 0.995, அப்படியென்றால் அற்ககோல் 12 வீதத்துக்குக் கிட்ட.

முதல் தரம் போட்டபோது நான் அவசரக்காரன். சரியாக வடிக்காமல் சாடியைக் கழுத்து வரை நிரப்பினேன். பழச் சக்கை போய்க் குழாயை அடைத்தது. இரவு இரண்டு மணிக்கு ஒரு வெடி! படுக்கையில் இருந்து நிலத்துக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது, கட்டிலுக்குக் கீழே கிடந்தேன். நம்முடைய ஆட்களுக்கு அந்தப் பழக்கம் போகாது. லைற் போட்டுப் பார்த்தால் மூடி அலுமாரிக்கு மேலே, முகட்டில் ஊதாக் கறை. வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை, சொன்னால் முற்பணத்தில் கழிப்பார். அந்தக் கறை பார்க்க இலங்கைப் படம் மாதிரி இருக்கிறது, யாழ்ப்பாணப் பக்கம் மட்டும் ஒள்ளம் சப்பை.

ஆனியில் எல்டர் பூவில் போட்டோம். வெள்ளைப் பூ, நல்ல வாசம். (அதன் கறுத்தப் பழத்தை மட்டும் பச்சையாகத் தின்னக் கூடாது, வயிற்றைப் பிரட்டும்.) பூவில் துவர்ப்பு இல்லை என்று கிழவர் ஒரு கோப்பை சாயத்தண்ணி ஊற்றுவார், எலுமிச்சையும் முந்திரிகை வற்றலும் போடுவார். அவருடைய தேயிலையைப் பார்த்தேன், தூசி. நீங்கள் அனுப்பிய பக்கற்றில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். குடித்துப் பார்த்துவிட்டு, வைனுக்கு ஊற்ற மனம் வராமல் தானே குடித்து முடித்தார். அந்தச் சாடியில் குழாய்த் தண்ணீர் வற்றியதை நான் கவனிக்கவில்லை. பழ ஈ புகுந்து எல்லாம் வினாகிரியாகிவிட்டது. கிழவருக்குக் கவலை. எனக்குக் கவலை இல்லை, நமக்குக் கள்ளுப் புளித்தாலும் வினாகிரிதானே. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கரட் போட்டு அச்சாறு வைத்தேன். கிழவர் ஒரு கரண்டி தின்று கண்ணீர் விட்டார். பிறகு போத்தலோடு கொண்டுபோய்விட்டார்.

இங்கே பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. குளிர் பரவாயில்லை. நான் ஹீற்றர் போடுவதில்லை, குளிரில் வைன் நல்லாகத் தெளியும். புளிக்கிற சாடிக்கு மட்டும் சூடு வேண்டும், அதற்கு நீங்கள் அனுப்பிய மருதமுனைச் சாரத்தைச் சுற்றிக் கட்டிவைத்திருக்கிறேன். என்னோடு இருந்த யாழ்ப்பாணத்துப் பொடியன் லண்டனுக்கு மாறிவிட்டான், இப்போது வீடு தாராளம். வேலையிலும் கிழமைக்கு மூன்று நாள்தான் போடுகிறார்கள், அதனால் பழம் பறிக்க நேரம் கிடைத்தது. காரை விற்றுவிட்டேன். கால்வாய்க் கரைக்குக் கார் எதற்கு?

இரவில் சத்தம் இல்லை. சாடிக் குழாய் மட்டும் நிமிசத்துக்கு ஒரு தரம் "பொளுக்" என்று சொல்லும். படுத்துக்கொண்டு எண்ணுவேன். கல்லடி மாமி வீட்டில் நின்ற ஒரு பூரணைக்கு அப்பா என்னைத் தோணியில் பாலத்தடிக்குக் கொண்டுபோய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் என் காதை வைக்கச் சொன்னார். மீன் பாடுறது கேக்குதா, கேக்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அம்மா. அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, ஓம் கேக்குது என்றேன். வீட்டுக்கு வந்து உங்களுக்கும் அதைத்தான் சொன்னேன்.

போன கிழமை ஒரு இரவு சாடி சத்தமே போடவில்லை. எழும்பிப் போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை, சாரம் நழுவிக் குளிர் பிடித்திருந்தது. திரும்பச் சுற்றிக் கட்டிவிட்டு விடியும் வரை பக்கத்திலேயே இருந்தேன். பாலப்பழக் காலத்தில் சுண்டு கணக்கில் வாங்கி வந்து, உதட்டில் பால் ஒட்டாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் பூசிவிடுவீர்களே, அது ஏனோ ஞாபகம் வந்தது. இங்கே எந்தப் பழமும் உதட்டில் ஒட்டுவதில்லை.

சரி. வீட்டு அலுவலுக்கு வருகிறேன்.

போன மாதம் அனுப்பியது குறைவு என்று தெரியும். இந்த மாதமும் அவ்வளவுதான். மிச்சத்தைத் தைக்குள் அனுப்புவேன், அத்தானிடம் கடன் வாங்க வேண்டாம். அவருடைய மனம் நல்லது, ஆனால் ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்வார். கிரான் வயலைக் குத்தகைக்குக் கொடுத்தவரிடம் பெரும்போகத்துக்கு எத்தனை மூடை என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம். போன போகம் மாடு இறங்கிய கதை சொல்லி இரண்டு மூடை குறைத்தது போதும். காணி உறுதியை அலுமாரியில் இருந்து எடுக்கவே கூடாது, யார் கேட்டாலும் நான் வந்தால்தான் என்று சொல்லுங்கள்.

தங்கச்சி வீட்டு அத்திவாரத்துக்கு நாவல் மரத்தை வெட்ட வேண்டும் என்று மேசன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வெட்ட விட வேண்டாம். அவருக்குச் சுலபம் அது, அவ்வளவுதான். வீட்டை ஆறடி ரோட்டுப் பக்கம் தள்ளினால் மரமும் நிற்கும், பின்னால் குசினிக்கு நிழலும் கிடைக்கும். முன் விறாந்தையை ஒடுக்கலாம், தங்கச்சி முகம் சுழிப்பாள், நான் அவளுக்குத் தனியாக எழுதுகிறேன். கக்கூஸ் குழியைக் கிணற்றில் இருந்து 50 அடிக்குக் குறையாமல் வெட்டச் சொல்லுங்கள். மருமகள், நீ நாடாவைப் பிடித்து மரத்துக்கும் கிணற்றுக்கும், மரத்துக்கும் முன் வேலிக்கும் எத்தனை அடி என்று அளந்து, கொப்பித் தாளில் கீறிப் படம் அனுப்பு. மழை தொடங்கமுதல் அளந்துவிடு, பிறகு வளவு சேறாகிவிடும்.

மார்கழியில் இங்கிருந்து செங்கலடிக்கு ஒருவர் வருகிறார். அவரிடம் உங்கள் முழங்காலுக்குப் பூசுகிற மருந்தும், பிளாக்பெரி ஜாம் இரண்டு போத்தலும் தந்துவிடுகிறேன். ஜாம்தான், அம்மா. மாமிக்கு முன்னாலேயே திறந்து காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்.

பி.கு.: அச்சாறுக்குக் கடுகை வினாகிரியோடு அரைப்பீர்களா, தனியாக அரைத்துப் பிறகு கலப்பீர்களா? என்னுடையது கசந்துவிட்டது. கிழவர் இன்னும் ஒரு போத்தல் கேட்கிறார்.