டப்பாவில் போட்டிருக்கும் 40 நிமிடம்

அன்புள்ள செல்வம்,

கடிதம் வந்தது. மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அவளிடம் சொல்லிவிடு. இங்கே வேலை இருக்கிறது, ஆள்தான் கிடைப்பதில்லை.

சரி, ரெசின் என்கிற பிசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்து ஊற்றும் உன் எபாக்சி தரை விஷயம். கலந்த பிறகு 40 நிமிடம் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருந்தும் பாதி வேலையிலேயே வாளியோடு இறுகிவிட்டது, சரக்கு மட்டம் என்று திட்டியிருக்கிறாய். சரக்கை ஏன் திட்டுகிறாய்? அந்த நிமிடக் கணக்கு பெரும்பாலும் 25 டிகிரியில், 100 கிராம் மாதிரிச் சின்ன அளவைக் கலந்து பார்த்துச் சொல்வது. நீ மதுரையில் மே மாத மத்தியானம் ஒரு வாளி நிறையக் கலந்து வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போயிருக்கிறாய். சூடு 10 டிகிரி ஏறினால் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், அதுபோக ரெசினும் ஹார்டனரும் சேரும்போது தானாகவே சூடு கிளம்பும், வாளிக்குள் அது வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமாக இறுகும், அதனால் இன்னும் சூடு. புகை வந்து பிளாஸ்டிக் வாளியே இளகுவதும் உண்டு. அதே கலவையைத் தரையில் மெல்லிசாகப் பரப்பிவிட்டால் எவ்வளவோ நேரம் தாங்கும். அதனால்தான் எங்கள் பையன்கள் கலந்த கையோடு முழுசையும் தரையில் வரிவரியாகக் கொட்டிவிட்டு, அப்புறம்தான் பல்லு வைத்த கரண்டியால் இழுத்து, முள் ரோலர் ஓட்டுவார்கள். வாளி ஓரத்தில் ஒட்டியிருப்பதை மட்டும் சுரண்டி ஊற்ற விடமாட்டேன்; அங்கே சரியாகக் கலந்திருக்காது, அந்த இடம் பிசுபிசுவென்றே நிற்கும்.

ஹார்டனரைக் குறைத்தால் நேரம் கிடைக்காதா என்று கேட்டாய். வேண்டவே வேண்டாம். ஃபைபர் படகு செய்கிறவர்கள் வெயிலுக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைப்பது பாலியெஸ்டர் ரெசினில், அதில் சேர்ப்பது வினையைக் கிளப்பிவிட மட்டும்தான். எபாக்சியில் ஹார்டனரே பிணைப்பில் பாதி ஆள், குறைத்தால் கடைசிவரை காயாது. கெட்டியாக ஆரம்பித்த பிறகு தின்னர் ஊற்றுவதும் வீண்தான், பார்க்க இளகின மாதிரி இருக்கும், பிடிப்பு இருக்காது. தண்ணீர் கலந்து வரும் எபாக்சி வாங்கினால் இன்னும் ஜாக்கிரதை, சிலது நேரம் முடிந்தும் வாளியில் கெட்டியாகவே ஆகாது, கடிகாரத்தைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

மெதுவாக இறுகும் ஹார்டனர் அதே கம்பெனியிலேயே இருக்கும், கேட்டு வாங்கு. டப்பாக்களை முந்தின நாளே நிழலில் வை, விடிகாலையில் ஆரம்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள். ஆடியில் அந்தப் பக்கம் வருகிறேன், அதற்குள் தரையில் திட்டுத்திட்டாக நிற்பதை கிரைண்டர் வைத்துத் தேய்த்து வை.

அன்புடன்,
முருகன்