செடார் கட்டைக்கு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படி தாயி

பாப்பாவுக்கு அப்பா எழுதுறது.

நீ அனுப்புன கட்டை வீட்டுப் பிளான் கெடச்சுது. போன்ல பெருசு பண்ணிப் பாத்தா கண்ணு வலிக்குதுன்னு ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டு வாங்கி டேபிள்ல விரிச்சு வச்சிருக்கேன். அடியில "செடார்லயே கட்டலாம்னு முடிவு பண்ணிட்டேன், நீங்க என்ன சொல்றீங்கப்பா"ன்னு எழுதியிருந்த. முடிவு பண்ணிட்டு அப்புறம் கேக்குறது ஒன் வழக்கம், காலேஜ் சேந்ததும் அப்படித்தான், கனடா போனதும் அப்படித்தான். இருந்தாலும் மரத்தைப் பத்தி எங்கிட்ட கேட்டியே, அதுல எனக்கு மனசு நெறஞ்சுபோச்சு. போன் பண்ணா மீட்டிங்னு வச்சிருவ, அதனாலதான் உக்காந்து டைப் பண்றேன், நிதானமாப் படி.

மொதல்ல மாஸ்க். செடார் தூள் ஒனக்கு ஆகாது. நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போது நான் வேலை பாத்த மரமில்லுக்கு வந்து வாகைத் தூள் பட்டுட்டா ராத்திரி பூரா இளைப்பு, ஒங்கம்மா ஒன்னைத் தோள்ல சாய்ச்சே விடிய விடிய உக்காந்திருப்பா. இந்த செடார், ஒங்க பக்கத்து வெஸ்டர்ன் ரெட் செடார், அதைவிட மோசம். அதுல பிளிக்காட்டிக் ஆசிட்னு ஒன்னு இருக்கு, அதுதான் நெஞ்சைப் புடிக்குது. ஒன் ஊர்லயே, வான்கூவர்ல, மொய்ரா சான்-யூங்னு ஒரு டாக்டரம்மா செடார் மில்லுல வேலை பாத்தவங்களை வருஷக்கணக்கா சோதிச்சு எழுதியிருக்காங்க. வேலை செய்யுறப்ப ஒன்னும் தெரியாதாம், வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் இருமலும் இளைப்பும் வருமாம், இளைப்பு வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு வேலையை விட்ட பிறகும் அது போகலையாம். ஒனக்கு ஏற்கனவே வீசிங் உண்டு. துணி மாஸ்க்லாம் பத்தாது, ரெண்டு பக்கமும் ஃபில்டர் மாட்டுற ரப்பர் மாஸ்க் வாங்கு. கட்டி முடிச்ச சுவரால பெருசா ஒன்னும் வராது, அறுக்குறப்பவும் தேய்க்குறப்பவும் பறக்குற தூள்தான் வம்பு. தேய்க்குற வேலையை வேற ஆளை வச்சுப் பண்ணு, அந்த நேரம் நீ அந்தப் பக்கமே நிக்காத.

மத்தபடி மரத்தைக் குறை சொல்ல முடியாது. அங்க வந்திருந்தப்ப காஸ்லோ போற ரோட்டோரம் வெட்டிப் போட்டிருந்த கட்டையை மோந்து பாத்துக்கிட்டே நின்னேன், நீ கூட வாங்கப்பா போலாம்னு அவசரப்படுத்துன. அந்த வாசனையிலயே தெரிஞ்சுது பூஞ்சையும் பூச்சியும் லேசுல தொடாத மரம்னு. துஜாப்ளிசின்னு ஒரு சத்து வைரத்துல, அதான் மரத்தோட உள்கட்டையில, ஊறிக் கெடக்கு, அதனாலதான் மக்காம நிக்குது. காஞ்ச செடார் ஒரு கன மீட்டர் 370 கிலோ பக்கம்தான் வரும், தேக்கு 650 கிலோ. கனம் கொறைய இருக்குறதாலதான் குளிரை உள்ள விட மாட்டேங்குது, அங்க வீடு கட்டுற இன்னொரு மரமான டக்லஸ் ஃபிர் கட்டையை விட இது கதகதப்பு. சுருக்கமும் கம்மி, பச்சையில இருந்து முழுசாக் காயுறதுக்குள்ள வயசு வளையத்தை ஒட்டின பக்கம் 5 சதவீதம் சுருங்கும், டக்லஸ் ஃபிர் 7.6 சதவீதம், நம்ம தேக்கே 5.8. தேக்கை விடக் கம்மியா சுருங்குற மரத்தை நீயா தேடிப் புடிச்சிருக்கன்னு பெரியாசாரிகிட்ட சொன்னேன், நம்பலை, நோட்டுல எழுதிக் காட்டுனேன், "ஒம் பொண்ணு ஒன்னை மாதிரியேடா"ன்னாரு.

வான்கூவர்ல யுனிவர்சிட்டி மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, வெளியில அந்தக் கடலோரப் பூர்வகுடி ஹைடா ஜனங்களோட வீடு கட்டி வச்சிருந்தாங்களே, எனக்கு இன்னும் கண்ணுலயே இருக்கு. போர்டுல இருந்ததையெல்லாம் மாப்ளைதான் பொறுமையா எனக்குத் தமிழ்ல சொன்னாரு. ஹைடா தீவுல ஸ்கங் க்வாய்னு ஒரு ஊரு, அம்மை நோய் வந்து ஜனங்க மாண்டு, மிச்சம் பேரு 19ஆம் நூற்றாண்டு கடைசியில விட்டுட்டுப் போன ஊரு, அந்த மழையிலயும் கடல் காத்துலயும் செடார் கம்பங்க இன்னைக்கும் நிக்குதுன்னு சொன்னாரு, 1981லயே யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாச்சாம். உசுரோட நிக்குற மரத்துல இருந்தே பலகையைப் பொளந்து எடுத்துட்டு மரத்தைச் சாகவிடாம வச்சிருக்காங்க அந்த ஜனங்க, அந்தக் காலத்துலயே. நான் இத்தனை வருஷம் மில்லுல இருந்து அப்படி ஒரு வேலையைக் கேள்விப்பட்டது இல்லை. அன்னைக்கு மாப்ளை ரொம்ப நல்லாப் பேசுனாரு.

ஆனா செடார்னு பேரு இருந்தாப் போதும்னு நெனைக்காத. மக்காத குணம் வைரத்துக்குத்தான், ஓரத்துல இருக்குற வெள்ளைக்குக் கெடையாது. வயசு கம்மியான மரத்துல அந்தச் சத்தும் கம்மி. வயசான மரம்னா நடு பொத்தலா இருக்கும், அந்த மரத்துக்கே அது சாதாரணம், அதனால ஒவ்வொரு கட்டைக்கும் ரெண்டு தலைப்பையும் பாக்கணும், நடுவுல தட்டிக் கேக்கணும், போட்டோவைப் பாத்து வாங்கக் கூடாது. நல்ல வைரம் உள்ளதா பாத்து ஒதுக்கி அடி வரிசைக்குப் போடு, மழை தெறிச்சு நனையுறது அங்கதான். அதுவும் தரையில இருந்து ஒன்றரை அடியாவது மேல இருக்கட்டும். தாவாரத்தை வெளிய நல்லா இழுத்து விடச் சொல்லு, மூணு அடிக்குக் கொறையாம, பிளான்ல ரெண்டு அடிதான் போட்டிருக்கு, பாத்தேன். சாதா இரும்பு ஆணி அடிச்சா கறுப்பா வடிஞ்சு நிக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கு, காசு பாக்காத.

கூரைக்கு மட்டும் செடார் ஓடு வேணாம், நான் கெஞ்சிக் கேக்குறேன். 2021ல ஒங்க மாகாணத்து லிட்டன்ல 49.6 டிகிரி வெயில் அடிச்சு மறுநாளே ஊரு எரிஞ்சுபோச்சே, அன்னைக்கு நானும் ஒங்கம்மாவும் டிவி முன்னாடியே உக்காந்திருந்தோம், நீ போனை எடுக்கவே இல்லை. முழுக் கட்டை லேசுல எரிஞ்சு முடியாது, ஆனா கூரையில ஒரு பொறி விழுந்தாப் போதும். தகரக் கூரை போடு. சுவத்தைச் சுத்தி ஒன்றரை மீட்டருக்கு எரியுற எதுவும் இருக்கக் கூடாதுன்னு காட்டுத்தீயில இருந்து வீட்டைக் காக்கச் சொல்லிக் குடுக்குற ஃபயர்ஸ்மார்ட்காரங்களே அங்க சொல்றாங்க, விறகை சுவத்துல சாச்சு அடுக்குற பழக்கத்தை இப்பவே விட்டுரு.

காசு இடிச்சா பைன் வாங்கு, அதுல வெக்கம் ஒன்னும் இல்லை. வண்டு அரிச்சு நின்னபடியே காஞ்ச பைன் ஒங்க மாகாணத்துல உண்டு, 100 மைல் ஹவுஸ்ங்குற ஊர்ப் பக்கம் அதுல எத்தனையோ வீடு கட்டியிருக்காங்க, ஏற்கனவே காஞ்சதுனால கட்டை சுருங்கிச் சுவர் எறங்குறதும் கொறையும், நெஞ்சுக்கும் செடார் அளவுக்குத் தொந்தரவு இல்லை. யோசி. நீ கேக்க மாட்டன்னு தெரியும், இருந்தாலும் யோசி.

பச்சைக் கட்டையில கட்டுனா சுவர் எறங்கும், இதை மறந்துறாத. கட்டுறவங்க கணக்கு அடிக்கு முக்கால் அங்குலம், எட்டடி சுவருக்கு ஆறு அங்குலம். ஒவ்வொரு ஜன்னலுக்கும் நிலைக்கும் மேல அந்த எடத்தை விட்டே ஆகணும், நட்டு வச்ச தூணுக்கு அடியில திருகி ஏத்தி எறக்குற ஸ்க்ரூ ஜாக் வச்சு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா எறக்கிக் குடுக்கணும். செடார் சுருக்கம் கம்மிதானேன்னு இந்த எடத்தைக் கொறைச்சுறாத. வீடு முடிஞ்சு குடி போயும் நாலஞ்சு வருஷம் அது எறங்கிக்கிட்டுத்தான் இருக்கும், பக்கத்துல ஒரு ஆளு கவனிச்சுக்கிட்டே இருக்கணும்.

பிளானைப் பத்தி ஒன்னு. மொத அனுப்புன பிளான் 24க்கு 32 அடி. கிழக்கால ஒரு ரூம் இருந்துச்சு, "ஆபீஸ்"னு எழுதியிருந்துச்சு, மாப்ளை வீட்டுல இருந்தே வேலை பாக்குறதுக்குன்னு நீதான் சொன்ன. இப்ப வந்தது 24க்கு 24, அந்த ரூமைக் காணோம். நான் ஒன்னும் கேக்கலை. மரக் கணக்கு மாறுமேன்னுதான் சொல்றேன், பழைய கணக்குக்கு ஆர்டர் போட்டுறாத, எட்டடிக்குக் கட்டை மிச்சம் விழும், அந்தக் காசுல மாஸ்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் வாங்கிரலாம்.

அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. அத்தை மகளுக்கு தை மாசம் கல்யாணம் வச்சிருக்கு, பத்திரிக்கை அடிக்கணும், ஒங்க ரெண்டு பேரையும் கூப்புட்டு எழுதணும்னு அத்தை அட்ரஸ் கேட்டா, பழைய அட்ரஸையே குடுத்திருக்கேன். சரியா தப்பான்னு நீ சொல்லு.

இன்னொன்னு கேக்கணும்னு நெனச்சேன். இந்த வேலை ஒத்த ஆளு வேலை இல்லை. வசந்தத்துல பட்டை உரிக்குறதை வேணா நீ தனியாப் பண்ணிருவ, மரத்துல நீர் ஏறுற சமயம் பட்டை நீளநீளமா வந்துரும். ஆனா ஒரு கட்டை மேல இன்னொரு கட்டையை வச்சு, கீழ இருக்குறதோட மேடு பள்ளத்தை அப்படியே மேல்கட்டையில வரைஞ்சு, எறக்கி, பள்ளம் எடுத்து, திரும்ப ஏத்திப் பாத்து, ஒக்காரலைன்னா மறுபடி எறக்கி, இதுக்கு கிரேன்காரனைத் தவிர கூட ஒரு ஆளு வேணும். கட்டை உருண்டா கத்திச் சொல்ல ஒரு ஆளு வேணும். ராத்திரி இளைப்பு வந்தா இன்ஹேலர் எடுத்துக் குடுக்க ஒரு ஆளு வேணும். நாலஞ்சு மாசமா நீ பேசுறதுல எல்லாமே நான் வாங்குனேன், நான் பாத்தேன், நான் முடிவு பண்ணேன்தான். ஒங்கம்மா கவனிக்கலை, இல்லை கவனிச்சும் எங்கிட்ட சொல்லலை. எனக்கு எப்படிக் கேக்குறதுன்னு தெரியலை பாப்பா. ஒங்கம்மாகிட்டயே பாதி விஷயம் கேக்கத் தெரியாத ஆளு நான், மரம்னா பேசுவேன்.

நீ தனியா இருந்தாலும் வீட்டைக் கட்டு. வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். ஊருல யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் ஒனக்கும் இல்லை எனக்கும் இல்லை. என் பொண்ணு கட்டை அடுக்கி வீடு கட்டுதுன்னு நான் டீக்கடையில சொல்றப்ப என் கொரல் எப்படி இருக்குன்னு நீ வந்து கேக்கணும்.

ஆனா கட்டை ஏத்துறப்ப நான் அங்க இருக்கணும். தூக்க வேணாம், கையில உளி புடிக்க வேணாம், விசாவுல வேலை செய்யக் கூடாதுன்னு தெரியும், தள்ளி ஒரு சேரைப் போட்டு உக்காந்து ரெண்டு தலைப்பையும் பாத்து இது ஆகும் இது ஆகாதுன்னு சொல்றேன். பாஸ்போர்ட் தேதி இருக்கு, பாத்துட்டேன். ஒங்கம்மாவும் வாரேங்குறா, முட்டிவலியோட எப்படி அவ்வளவு நேரம் ஃபிளைட்டுல உக்காருவான்னு தெரியலை, அதை அவகிட்ட நீயே பேசிக்க.

விசாவுக்கு இன்விடேஷன் லெட்டர் வேணும். போன தடவை நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்புனீங்க. இந்தத் தடவை யாரு பேரு போடணுமோ அதை நீயே பாத்துப் போடு, ஒன் பேரு மட்டும் இருந்தாலும் எனக்குப் போதும். அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி கட்டைத் தலைப்பு போட்டோ எல்லாத்தையும் அனுப்பு, மாஸ்க் வாங்குன பில்லையும் சேத்து அனுப்பு.

அப்பா