கதிர் பெண் குழந்தைதான்: பிறப்புப் பதிவு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிறப்பு இறப்புப் பதிவு அலுவலர்களுக்கும், கணினியில் விவரம் ஏற்றும் பணியாளர்களுக்கும்,

வணக்கம்.

என் மகள் பெயர் கதிர். பிறந்து 14 மாதம் ஆகிறது. ஆதார் எடுக்கப் போன இடத்தில்தான், அவள் உங்கள் பதிவேட்டில் ஆண் என்று இருப்பது எங்களுக்குத் தெரியவந்தது. சான்றிதழ் கைக்கு வந்த அன்று என் பெயர், கணவர் பெயர், முகவரி எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகப் பார்த்தோம். பாலினம் என்ற கட்டத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. அதில் தப்பு வரும் என்று யார்தான் நினைப்பார்கள்?

மருத்துவமனையில் நிரப்பிக் கொடுத்த தாளின் நகல் எங்களிடம் இருக்கிறது. "பெண்" என்று என் கணவர் கைப்பட எழுதியிருக்கிறார். அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "கதிர்னா ஆம்பளைப் பேருதானேக்கா? நீங்க அவசரத்துல மாத்தி எழுதிட்டீங்கன்னு நெனச்சு சரிபண்ணிப் போட்டிருப்பாங்க" என்றார். சரிபண்ணி! அந்தச் சொல் இன்னும் காதில் நிற்கிறது. பெற்ற நாங்கள் எழுதியது பிழை, முகம் பார்க்காத ஒருவர் பெயரை வைத்து ஊகித்தது சரி.

நான் முதலில் கேட்பது இதுதான். தாளில் எழுதியிருப்பதை எழுதியபடியே ஏற்றுங்கள். சந்தேகம் வந்தால் அந்தத் தாளிலேயே எங்கள் கைபேசி எண் இருக்கிறது.

திருத்தம் எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்துப் பிழை என்றால் பதிவாளரே திருத்திவிடலாம். ஆனால் இது எழுத்துப் பிழை இல்லையாம், பொருட்பிழையாம், அதாவது விவரமே தவறாம். அதனால் விஷயம் தெரிந்த, நம்பத்தகுந்த இரண்டு பேர் உறுதிமொழி தர வேண்டும் என்றார்கள். என் மகள் பெண் என்பதற்கு இரண்டு சாட்சி.

ஒருவர் என் அப்பாவின் நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர். இன்னொருவர் எதிர்வீட்டு அம்மா. கதிர் பிறந்ததிலிருந்து மூன்று மாதம் தினமும் காலை அவர்தான் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டினார். கையெழுத்துப் போடுவதற்காக முட்டிவலியோடு மாடிப்படி ஏறி வந்தார். உறுதிமொழித் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "தெனம் தண்ணி ஊத்துன எனக்குத் தெரியாதா? இதுக்கெல்லாமாடி கையெழுத்து வாங்குறாங்க?" என்று கேட்டுவிட்டு, நடுங்குகிற கையால் மெல்ல மெல்லக் கையெழுத்துப் போட்டார். அன்று நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது. என் மகள் என் இடுப்பில் உட்கார்ந்து அவருடைய வளையலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, அதன் 15ஆம் பிரிவுப்படி மூலப் பதிவில் கை வைக்கக் கூடாது, ஓரத்தில்தான் திருத்தம் எழுதிக் கையெழுத்திட்டுத் தேதி போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பதிவேட்டை யாரும் இஷ்டத்துக்கு அழித்துவிடக் கூடாது, அதனால் அந்த விதி நல்ல விதிதான். ஆனால் அதன் பலன் என்ன? கட்டத்துக்குள் "ஆண்" என்பது அப்படியே இருக்கும். ஓரத்தில்தான் என் மகள் பெண்.

அதே சட்டத்தின் 14ஆம் பிரிவையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெயர் வைக்காமலே பிறப்பைப் பதியலாம், பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 12 மாதத்துக்குள் என்றால் கட்டணம்கூடக் கிடையாது. பெயரே இல்லாத குழந்தைக்கும் பாலினம் பதிகிறீர்களே, எதைப் பார்த்துப் பதிகிறீர்கள்? மருத்துவமனை அனுப்பிய தாளைப் பார்த்துத்தானே? பெயர் ஒன்று வந்துவிட்டால் மட்டும் அந்தத் தாள் ஏன் பொய்யாகிவிடுகிறது?

"இப்படிக் குழப்பமான பேரை ஏன் வைக்கிறீர்கள்" என்று எங்கள் சொந்தக்காரர்களே கேட்டார்கள். ஃபேஷன் என்றார்கள். மதி, எழில், அன்பு, தமிழ், கதிர் என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகப் பெயர் வைப்பது நேற்று வந்த பழக்கமா என்ன? கோதை என்ற பெயர் ஆண்டாளுக்கு உண்டு, சேர மன்னர்களுக்கும் உண்டு. "கோதை வந்தான், கோதை வந்தாள்" என்று பழைய இலக்கண உரைகளே எடுத்துக்காட்டுகின்றன. ஆணா பெண்ணா என்பதை வினைமுற்று சொல்லிவிடும், பெயர் சொல்ல வேண்டியதில்லை என்று இருந்த மொழி இது. அப்படியே ஃபேஷனுக்காக வைத்த பெயர் என்றாலும்தான் என்ன, அது பெற்றவர்கள் விருப்பம்.

2008 டிசம்பரில் ஜெர்மனியின் கூட்டாட்சி அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பெண் குழந்தைக்கு கிரண் என்ற இந்தியப் பெயரை வைத்திருந்தார்கள். ஆணா பெண்ணா என்று பெயரில் தெரியவில்லை என்று சொல்லிப் பதிவாளர் மறுத்துவிட்டார். முதற்பெயர் பாலினத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை என்று நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. கிரண் என்றாலும் பொருள் கதிர்தான். அங்கே மறுத்ததால் வழக்காவது போட முடிந்தது. இங்கே எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே மாற்றிவிட்டீர்கள்.

பெயர் என்றாலே எல்லாக் கட்டங்களும் நம்மை நெருக்குகின்றன. இணையத்தில் எந்த விண்ணப்பத்தைத் திறந்தாலும் கடைசிப் பெயர் கேட்கிறார்கள், கட்டாயம் என்ற சிவப்புக் குறியோடு. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்ட ஊர்க்காரர்கள் நாம். முன்னெழுத்து போதும் என்று இருந்தோம். இப்போது அந்தக் கட்டத்தை நிரப்ப அப்பா பெயரைப் போடுகிறோம். விமான நிலையத்தில் குழந்தையை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது எத்தனை பேர் பதறினார்கள்! யாரோ எங்கோ வரைந்த கட்டத்துக்காக நாம் நம் பெயரை வெட்டி ஒட்டிக்கொண்டே இருக்கிறோம்.

இதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை. மனம் பொறுக்காமல் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

உங்களால் முடிவதை மட்டும் பணிவோடு கேட்கிறேன். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அந்த ஒரு தாளில் தப்பு ஏறினால் குழந்தை வாழ்நாளெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே எழுதியதை எழுதியபடியே ஏற்றுங்கள். அச்சிடும் முன் பெற்றோருக்கு ஒருமுறை காட்டுங்கள். மருத்துவமனைத் தாளில் "பெண்" என்று தெளிவாக இருந்து, உங்கள் பக்கம் தவறாக ஏறியிருந்தால், அதை எழுத்துப் பிழையாக எடுத்துக்கொண்டு நீங்களே திருத்திக் கொடுங்கள். முட்டிவலிக்கார அம்மாவைப் படியேற வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
கதிரின் அம்மா