முதலில் பதிவேடு

அன்புள்ள செல்வா,

போர் மூண்டால் அருங்காட்சியகத்தில் முதலில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தாய். என்னைக் கேட்டால், என்னென்ன படைப்புகள் இருக்கின்றன என்று படத்தோடு எழுதி வைத்த பதிவேட்டை. உக்ரைனில் நடந்ததைப் பார், புரியும்.

தெற்கு உக்ரைனில் உள்ள கெர்சோன் நகரின் ஓவிய அருங்காட்சியகத்தில் சுமார் 14,000 படைப்புகள் இருந்தன. 2022 மார்ச்சில் ரஷ்யப் படை ஊரைப் பிடித்தபோது கட்டடத்தில் பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. அதைக் காட்டி, “எல்லாம் எப்போதோ வெளியே போய்விட்டது” என்கிற மாதிரி இயக்குநர் அலினா டொட்சென்கோ சமாளித்தார். கெட்டிக்காரத்தனமான பொய். பல மாதம் தாங்கியது, பிறகு குட்டு உடைந்தது. அக்டோபர் 31 தொடங்கிச் சில நாட்களில் 10,000-க்கும் மேற்பட்டவற்றை வண்டிகளில் ஏற்றிவிட்டார்கள். அவை இறங்கிய இடம் ரஷ்யாவின் பிடியில் உள்ள கிரிமியாவின் சிம்ஃபெரோபோல் நகரம். அங்கிருந்து வெளிவரும் படங்களையும் காணொளிகளையும் ஊழியர்கள் தங்கள் ஆவணத்தோடு ஒப்பிட்டு, இன்ன ஓவியம் எங்களுடையது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வெளியிட்டு வருகிறார்கள்.

இதற்கு எப்படிப்பட்ட பதிவு வேண்டும் தெரியுமா? “நிலக்காட்சி, எண்ணெய் வண்ணம்” என்று ஒரு வரி எழுதி வைத்தால் எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. முன்பக்கம், பின்பக்கம், பின்னால் எழுதிய சேர்க்கை எண் (அருங்காட்சியகத்தில் சேர்த்தபோது கொடுத்தது), அளவு சென்டிமீட்டரில், சட்டகத்தின் மூலைகள், பக்கவாட்டில் விளக்கடித்து எடுத்த வெடிப்புகளின் படம், இவ்வளவும் வேண்டும். பின்பக்கத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இவற்றின் நகல் ஒன்று வேறு நாட்டில் இருக்க வேண்டும். 2022 மார்ச்சில் தொடங்கிய ‘சூச்சோ’ என்ற தன்னார்வக் குழு உக்ரைன் அருங்காட்சியகங்கள், நூலகங்களின் வலைத்தளங்களைப் பிரதியெடுத்து வெளிநாட்டு சர்வர்களில் சேர்த்தது இதற்குத்தான். கட்டடத்தில் கரண்ட் போனாலே சர்வரும் போய்விடுமே.

அடுத்தது ஓவியங்களைப் பொதிந்து கட்டுவது. நீ சொன்ன பபிள் ராப் ஓவியத்தின் முகத்தில் நேராகப் படக் கூடாது, குமிழ்களின் தடம் வண்ணத்தில் பதிந்துவிடும். முதலில் அமிலமில்லாத தாள், அதற்கு மேல்தான் பபிள் ராப், அதுவும் குமிழ் வெளிப்பக்கம் இருக்கும்படி. பெரிய கித்தானைச் சுருட்டியே ஆக வேண்டுமென்றால் வண்ணம் வெளியே இருக்க வேண்டும், குழாயும் பருமனாக இருக்க வேண்டும். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நெருக்குண்டு பெயரும். நிலவறையில் வைத்துவிட்டால் தப்பித்தது என்றும் நினைக்காதே. குண்டுக்கு நல்ல இடம், ஈரத்துக்கு மோசமான இடம். மின்சாரம் நின்று ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சை பிடிக்கும். மரப்பலகையில் தீட்டிய கிறிஸ்தவத் திருவுருவங்கள் ஏறி இறங்கும் ஈரத்தில் வளைந்து பிளக்கும். கீவின் கானென்கோ அருங்காட்சியகம் 2023 மே மாதம் 16 படைப்புகளைப் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியதே, அதில் 6-7ஆம் நூற்றாண்டின் மெழுகு வண்ணத் திருவுருவங்களும் உண்டு. அந்த வயதுப் பலகையை வெப்பமும் குளிரும் மாறி மாறி அடிக்கும் இடத்தில் விட்டுவைக்க யாருக்கு மனம் வரும்?

வெளியே நிற்கும் சிலைகளை நகர்த்த முடியாவிட்டால் மூடத்தான் வேண்டும். மேற்கு உக்ரைனின் லிவீவ் நகரச் சந்தைச் சதுக்கத்து நீரூற்றுச் சிலைகள் நான்கையும் சாரம் கட்டித் துணியால் மூடினார்கள். இப்படி மூடும்போது காற்றுப் போக வழி விடாவிட்டால் கல் உள்ளே வியர்க்கும். சிலையைச் சுற்றி அடுக்கும் மணல் மூட்டையிலும் இதே சிக்கல்தான். மழையில் நனைந்து பீடத்தோடு ஒட்டி உட்கார்ந்துவிடும்.

உக்ரைன் ஓவியர் பாவ்லோ மக்கோவ் கதை உனக்குப் பிடிக்கும். அவருடைய ‘களைப்பின் நீரூற்று’ 78 புனல்கள் கொண்டது. மேல் வரிசையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று இறங்கி 12-வது வரிசையில் பன்னிரண்டு. ஒவ்வொரு புனலிலும் நீர் இரண்டாகப் பிரியும், கீழே சொட்டுத்தான் வரும். 2022 வெனிஸ் சர்வதேசக் கலைக் கண்காட்சிக்காகச் செய்திருந்தார்கள். போர் தொடங்கிய பிப்ரவரி 24 அன்றே காட்சி அமைப்பாளர் மரியா லான்கோ புனல்களை மூன்று பெட்டியில் போட்டுக் காரில் ஏற்றிக் கீவை விட்டுக் கிளம்பிவிட்டார். மீதிப் பாகங்களை மிலானில் செய்துகொண்டார்கள். எது திரும்பச் செய்ய முடியாததோ அதை மட்டும் எடுத்தார் பார், அதுதான் தொழில் தெரிந்தவர் கணக்கு.

உங்கள் கிடங்கில் பபிள் ராப்பை எந்தப் பக்கம் வைத்துச் சுற்றுகிறார்கள் என்று பார்த்து எழுது. பின்பக்கப் படங்கள் எத்தனைக்கு இருக்கின்றன என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
மோகன்