கை பட்ட இடத்தைப் பார்

ரங்கூன்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். பவர் ஸ்டியரிங் ஹோஸ், அந்த ஆயில் போகிற ரப்பர் குழாய், மாற்றி மூணு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் முனகல், கையில் கனம். ஸ்டியரிங் பம்ப் போய்விட்டது, புதுசு வாங்கு என்கிறார்களா? பணத்தை எடுக்காதே. பட்டறைக்குப் போகுமுன் இல்லாத சத்தம் போய்வந்தபின் வந்தால், அவர்கள் கை பட்ட இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, ஸ்டியரிங் ஆயில் டப்பாவைத் திறந்து பார். நல்ல ஆயில் சிவப்பாகத் தெளிந்து நிற்கும். வெளிறி, ரோஸ் நிறத்தில் நுரை கட்டியிருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. முனகுவது அந்தக் காற்றுதான்.

அதை எடுக்க ஆள் வேண்டாம். நுரை அடங்கும்வரை வண்டியை நிற்க விடு. முன் சக்கரம் இரண்டையும் தூக்கி, ஸ்டாண்டு கொடு, ஜாக்கியை மட்டும் நம்பாதே. இன்ஜினைப் போடாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஸ்டியரிங்கை மெதுவாக ஒரு 20 தடவை ஒடி. டப்பாவில் குமிழி வரும், ஆயில் இறங்கும், ஊற்று. குமிழி நின்றபிறகு இன்ஜினைப் போட்டு இன்னும் சில தடவை. கோடியில் போய் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்காதே, பம்ப் சூடேறிவிடும். என்ன ஆயில் என்று மூடியிலேயே போட்டிருக்கும். அவசரத்துக்கு பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதே, ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போகும்.

காற்றை எடுத்தும் மறுநாளே திரும்பி வந்தால்? இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஒரு ஹைலக்ஸ் பிக்கப்புக்கு இரண்டு பம்ப் மாற்றினேன், சத்தம் போகவில்லை. ஓனர் முகத்தைப் பார்க்கவே கூசியது. கடைசியில் பார்த்தால், டப்பாவிலிருந்து பம்புக்கு இறங்கும் ஹோஸில் கிளிப் லேசாகத் தளர்ந்திருந்தது. அது பம்ப் உறிஞ்சுகிற பக்கம். அங்கே ஆயில் ஒழுகாமலே காற்றை உள்ளே இழுக்கும். கீழே ஒரு சொட்டு இல்லையே என்று நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முனகாமல் கீச்சென்று கத்தினால் பெல்ட்டைப் பார்.

சரியாகும்வரை தட்டோன் ரோட்டில் போகாதே. 1970-இல் பர்மாவில் வண்டி போவதை ரோட்டின் வலப்பக்கம் மாற்றினார்கள், நம்மிடம் ஓடுவதோ இன்னும் வலப்பக்க ஸ்டியரிங் ஜப்பான் வண்டி. லாரியை முந்த வேண்டுமென்றால் பாதி வண்டியை வெளியே நீட்டினால்தான் எதிரே வருவது தெரியும். அப்போது சட்டென்று உள்ளே ஒடிக்க முடியாவிட்டால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மோல்மேன் பஸ்ஸில் ஒரு பை வரும். அம்மா போட்ட மாங்காய் ஊறுகாய்க்கு அடியில் தாளில் சுற்றி இரண்டு ஸ்குரூ கிளிப் வைத்திருக்கிறேன். பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு இதை மாட்டு.

அப்பா