உன் கதையில் வரும் குரல்

காரைக்குடி

அன்பு மகளுக்கு, ஆத்தா எழுதுவது.

நீ அனுப்பிய கதையைப் படித்துவிட்டேன். வளவில் வெயில் இறங்குவதையும் பட்டாலையில் ஆயா பாக்கு இடிப்பதையும் எழுதியிருக்கிறாயே, அந்த இடங்கள் ரொம்ப நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் அந்தப் பையனுக்குக் கேட்கும் குரலைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. போனில் பேசினால் அரைகுறையாகப் போய்விடும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கதையில் அந்தக் குரலுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. குடும்பம் மறைத்த பாகப்பிரிவினைச் சங்கதியை எடுத்துச் சொல்கிறது, யார் சாகப்போகிறார் என்று முன்கூட்டியே சொல்கிறது, அதையும் கவிதையாகச் சொல்கிறது. கடைசியில் பையன் மாத்திரையை ஊருணியில் வீசிவிட்டு விடுதலையாகிவிடுகிறான்.

உன் அம்மானுக்குக் கேட்ட குரல் அப்படிப்பட்டதில்லை. மனநோய் அடங்கிய பிறகுதான் உனக்கு அவனைத் தெரியும். இருபதுகளின் தொடக்கத்தில், ஒரு வட்டிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது அவனுக்கு ஆரம்பித்தது. எப்போதோ செத்துப்போன எங்கள் ஐயாவின், அதாவது தாத்தாவின், குரல். "பேரேட்டை முடிச்சியா?" என்று கேட்கும். இவன் "முடிச்சாச்சு" என்பான். "பொய்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அதையே கேட்கும். நாள் முழுக்க இதுதான். சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுப்பான், கை பாதி வழியில் நின்றுவிடும். குழம்பு விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டு வரைக்கும் இறங்கும், அவனுக்குத் தெரியாது. அவன் பதில் சொல்லி முடித்த பிறகுதான் கவளம் வாய்க்குப் போகும். அந்தக் குரலில் ரகசியமும் இல்லை, கவிதையும் இல்லை. ஒரே கேள்வி வருஷக்கணக்காகக் கேட்டது. அது அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது வேலையை, தூக்கத்தை, எதிரில் இருப்பவர் பேச்சை முழுசாகக் கேட்கும் சக்தியை. நீ எழுதவேண்டியது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

அது ஏன் ஐயாவின் குரலாக வந்தது என்று நான் ரொம்ப நாள் யோசித்ததுண்டு. டான்யா லுர்மன் என்கிற மானுடவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் சென்னை, கானாவில் அக்ரா, அமெரிக்காவில் கலிஃபோர்னியா ஆகிய மூன்று இடங்களிலும் இருபது இருபது பேரிடம் பேசி, 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எல்லாருமே குரல் கேட்கும் நோயாளிகள். அமெரிக்கர்களில் பலருக்கு யாரென்றே தெரியாத குரல், வெட்டு குத்து என்று பேசியது. சென்னைக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சொந்தக்காரர்களின் குரல். வீட்டு வேலையைச் செய் என்று ஏவும், திட்டும், புத்தி சொல்லும். படித்தபோது உன் அம்மானைப் பற்றியே எழுதியது போல இருந்தது. குரல் வருவது நோயால். யாருடைய குரலில் வருகிறது, என்ன பேசுகிறது என்பதில் அவரவர் வளர்ந்த வீடும் ஊரும் கலந்துவிடுகின்றன.

இதற்கு டாக்டர்கள் சொல்லும் விளக்கங்களில் எனக்கு மனசில் நிற்பது ஒன்று. நாம் எல்லாருமே மனசுக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அது தன்னுடைய பேச்சு என்று அடையாளம் காண்பதில் மூளை தவறும்போது, அதையே வேறு யாரோ வெளியிலிருந்து பேசுவதாகக் கேட்கிறோமாம். உன் அம்மான் எந்நேரமும் வாய்க்குள் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டே இருப்பான். முனகினால் குரல் கொஞ்சம் அடங்குகிறது என்பான். நிறையப் பேர் இப்படித்தான் சமாளிக்கிறார்களாம். இப்படி ஒரு சின்ன விஷயம் உன் கதையில் இருந்தால், அந்தப் பையன் எனக்கு உயிரோடு தெரிவான்.

இலக்கியத்தில் எப்படி எழுதுவது என்று கேட்பாய். சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊரில் பிறந்துவிட்டு நீ வேறெங்கும் தேடவேண்டாம். ஆரணிய காண்டத்தில், தங்கை வர்ணித்ததைக் கேட்டதோடு சரி, சீதையைப் பார்த்தே இராத இராவணனுக்கு அவள் எதிரே வந்து நிற்பது தெரிகிறது. சூர்ப்பணகையைக் கூப்பிட்டு, இவள்தானா என்று கேட்கிறான். அதே இடத்தைப் பார்த்துவிட்டு அவள் சொல்கிறாள்: செந்தாமரைக் கண்ணொடும் செங்கனி வாயினோடும் வந்து நிற்கும் இவன்தான் அந்த வல்வில் இராமன். நான் பெண்ணைப் பார்க்கிறேன், நீ ஆண் என்கிறாயே என்று திகைத்துப்போகிறான். மாயம் தெரிந்த நமக்கே யாராவது மாயம் செய்கிறார்களா என்று சந்தேகம் வேறு. அதற்கு அவள் சொல்லும் பதிலைப் பார். உன் நினைவு வேறெதிலும் போகவில்லை, ஆசை சுடுகிறது, அதனால் கண் போகிற பக்கமெல்லாம் அவள் தெரிகிறாள், இது தொன்றுதொட்டு உள்ளதுதான் என்கிறாள். தனக்குத் தீராத துன்பம் செய்தவன் என்று அவள் சொல்லும் இராமனை அவளாலும் மறக்கமுடியவில்லை. இரண்டு பேரும் பார்ப்பது காலி இடத்தை. ஆசைப்பட்டவனும் அடிபட்டவளும் அவரவர் மனசில் இருப்பதைத்தான் காண்கிறார்கள், அவர்கள் அறியாத ரகசியம் எதையும் அந்த உருவம் கொண்டுவரவில்லை. இத்தனை நிதானமாக இதை எழுதிய கவி என் வாசிப்பில் வேறு யாரும் இல்லை.

ஆனால் ஒன்று. காவியத்தில் தோற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. நோய்க்கு அப்படி ஒரு கதை இருக்கவேண்டும் என்பதில்லை. உன் அம்மான் எழுதிய கணக்கில் ஒரு பைசா பிசகியதில்லை. ஊரில் எல்லாரும் காரணம் தேடினார்கள். காதல் தோல்வி என்றார்கள், செய்வினை என்றார்கள், கோடங்கியை அழைத்து வந்தார்கள். ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்றவர்களும் உண்டு, எங்களைப் பெற்ற அப்பச்சி ஒரேயடியாக மறுத்துவிட்டார். அதே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் செத்தார்கள். யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இப்போது சொல்கிறது. குரலில் தெய்வவாக்கு இருப்பதாக எழுதினாலும் சரி, பேய் இருப்பதாக எழுதினாலும் சரி, அதை நம்பும் ஒரு குடும்பம் ஆஸ்பத்திரிக்குப் போவது தள்ளிப்போகும். வைத்தியம் தள்ளிப்போகப் போகத் தேறுவதும் கஷ்டமாகிறது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நீ போன முறை விட்டுப்போன வர்ஜீனியா வுல்ஃபின் 'மிஸஸ் டாலோவே' நாவலையும் படித்தேன், 1925இல் வந்தது. போரிலிருந்து திரும்பிய செப்டிமஸுக்குக் குருவிகள் கிரேக்க மொழியில் பாடுவது கேட்கிறது. வுல்ஃபுக்கே நோய் கண்டிருந்தபோது அப்படிக் கேட்டதாம். எனக்கு அதைவிட அவன் மனைவிதான் முக்கியமாகப் பட்டாள். பூங்கா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, யாராவது கவனிக்கிறார்களா என்று கூசுகிறாளே, அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும். மதுரை பஸ்ஸில் உன் அம்மான் ஐயாவுக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளாமல் இருக்கப் பல்லைக் கடித்திருக்கிறேன். செப்டிமஸின் காலத்தில் மருந்து இல்லை. இந்த நோய்க்கு முதல் மருந்தான குளோர்ப்ரோமசின் 1952இல்தான் வந்தது. உன் கதை நடப்பது இன்றைக்கு.

அப்புறம், கேட்பதெல்லாம் நோய் என்று நீ நினைத்துவிடவும் கூடாது. உன் அப்பச்சி போன பிறகு கொஞ்ச நாள், திண்ணையில் அவர் செருப்பைக் கழற்றிவிடும் சத்தம் எனக்கும் கேட்டது. துக்கத்தில் இருக்கும் பலருக்கு அப்படிக் கேட்கும், தானே போய்விடும்.

மாத்திரை எறியும் இடத்தை மட்டும் எப்படியாவது மாற்று. மாத்திரை சாப்பிட்ட அன்றைக்கே குரல் நின்றுவிடாது. முதலில் சத்தம் குறைந்தது, பிறகு அடுத்த அறையில் யாரோ பேசுவது போல ஆனது, அப்புறம் சில நாள் வரவே இல்லை என்று உன் அம்மான் சொல்வான். உடம்பு பெருத்தது, கை நடுங்கியது, வாயில் எச்சில் ஒழுகியது. அதற்கெல்லாம் டாக்டரிடம் சொல்லி அளவையும் மருந்தையும் மாற்றிக்கொண்டான். இதையெல்லாம் தயங்காமல் எழுது. மாத்திரையால் படும் அவஸ்தை பொய்யில்லை. ஆனால் தானாக நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பி வந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். உன் கதையைப் படிக்கும் யாருக்காவது அவசரமாக உதவி வேண்டுமென்றால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

இதையெல்லாம் உன் அம்மானிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். பேரேட்டுச் சங்கதியை எழுதச் சொன்னதே அவன்தான். இன்னும் கேட்க இருந்தால் அவனிடமே கேள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போனை எடுப்பான், காலையில் மருந்து மயக்கம் இருக்கும். திருத்தியதை அவனுக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
ஆத்தா